செய்முறை வகுப்பில் கை நடுங்குகிறவர்களுக்கு

முதலாம் ஆண்டில் ஒரே ஓர் இரவு எனக்குச் சர்க்கரை நோய் இருந்தது. லேப் டெக்னீஷியன் படிப்பு, குளுக்கோஸ் செய்முறை. என் ரத்தத்தைத் தோழி எடுத்தாள், சீரம் (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) பிரித்து நானே சோதித்தேன். காலையில் காப்பிகூடக் குடிக்காமல் வந்தவளுக்கு 190 என்று கணக்கு வந்தது. தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் மேடம் குளிர்பெட்டியில் இருந்த அதே சீரத்தை எடுத்துச் சோதித்தார். 92. தப்பு என் கட்டைவிரலில் இருந்தது.

மைக்ரோ பிப்பெட் என்பது மிகச் சிறிய அளவுத் திரவத்தை உறிஞ்சி விடும் கருவி. அதன் பொத்தானை அழுத்தினால் ஓரிடத்தில் தடுக்கும். இன்னும் அழுத்தினால் அடிவரை போகும். உறிஞ்சுவதற்கு முன் முதல் தடுப்புவரைதான் அழுத்த வேண்டும். அடிவரை அழுத்துவது கடைசிச் சொட்டை வெளியே தள்ளுவதற்கு. நான் பதற்றத்தில் அடிவரை அழுத்தி உறிஞ்சியதால் 10 மைக்ரோலிட்டர் போக வேண்டிய இடத்தில் ஏறக்குறைய இரு மடங்கு போய்விட்டது. ஒப்பிடுவதற்கான ஸ்டாண்டர்டை (சர்க்கரை அளவு முன்பே தெரிந்த கரைசலை)த் தோழி சரியாக விட்டிருந்தாள். அதையும் நானே விட்டிருந்தால் இரண்டு தப்பும் ஒன்றையொன்று சமன்செய்து, என் குறை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

பிளஸ் டூவில் எங்களுக்கு ஒரு பியூரெட்டுக்குப் பத்துப் பேர். டைட்ரேஷனைப் பார்த்தோமே தவிரச் செய்யவில்லை. அப்படி வந்தவர்கள் புத்தகத்தை இன்னொரு முறை படித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறோம். என் அப்பா கூடைத் தக்காளியைத் தொட்டுத் தொட்டே முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துவிடுவார். எந்தப் புத்தகத்திலும் அதை அவர் படித்ததில்லை. நம்முடையதும் பாதி அந்த மாதிரி வேலைதான்.

ஆகவே வகுப்புக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போங்கள். அட்டெண்டர் அண்ணனிடம் பணிவாகக் கேட்டால் ஒரு பிப்பெட்டும் ஒரு பீக்கர் தண்ணீரும் தருவார். மின் தராசில் சிறு கிண்ணத்தை வைத்து 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை விடுங்கள். 1 கிராம் காட்ட வேண்டும். 1.2 காட்டினால் அடிவரை அழுத்துகிறீர்கள். 0.9 என்றால் விரலைச் சட்டென்று விட்டு, பிப்பெட் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் டிப்புக்குள் காற்றை இழுக்கிறீர்கள். டிப்பின் நுனி தண்ணீருக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மூழ்கினால் போதும்.

ரத்த ஸ்மியரை, அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக ரத்தத்தைக் கண்ணாடியில் மெலிதாகப் பரப்புவதை, வீட்டிலேயே பழகலாம். நான் ஒரு பெட்டி ஸ்லைடு வாங்கினேன், ஐம்பது இருக்கும். வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் நீர்த்து, அம்மாவின் குங்குமத்தைக் கலந்துகொண்டேன். (குங்குமத்துக்கு வாங்கிய திட்டு தனிக் கதை.) சொட்டு துவரம்பருப்பு அளவுக்குப் போகக் கூடாது, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். இரண்டாவது ஸ்லைடை முப்பது, நாற்பது பாகைச் சாய்வில் பிடித்து, சொட்டைத் தொடும்வரை பின்னால் இழுங்கள். சொட்டு விளிம்பெங்கும் பரவியதும் ஒரே ஓட்டமாக முன்னால் தள்ளுங்கள். நடுவில் தயங்கினால் குறுக்கே வரி விழும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். சாய்வு கூடினால் ஸ்மியர் தடிக்கும். நாக்கு வடிவில் மெலிந்து முடிந்தால் சரி. எனக்கு முதல் நாக்கு முப்பத்தொன்றாவது ஸ்லைடில்தான் வந்தது.

சாயம் ஏற்றும்போது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. லீஷ்மன் சாயத்தை நீர்க்காமல் 2 நிமிடம் விட வேண்டும். அதிலுள்ள மெத்தனால் செல்களைக் கண்ணாடியோடு பிடித்து நிறுத்தும். பிறகு இரண்டு பங்கு பஃபர் நீர் (பி.ஹெச். மாறாமல் காக்கும் கரைசல்) சேர்த்து 7 முதல் 10 நிமிடம். அந்த நீரின் பி.ஹெச். 6.8 ஆக இருக்க வேண்டும். சோம்பல்பட்டு நான் குழாயில் வந்த போர் தண்ணீரில் கழுவினேன். சிவப்பணுக்கள் நீலம் பாரித்து நின்றன. காரத்தன்மை கூடினால் அப்படித்தான் ஆகும்.

அதே நிலத்தடி நீரால் ஒரு நன்மையும் கிடைத்தது. ரத்தம் எடுக்கும் குழாய்களின் மூடி நிறங்கள் எனக்கு மனதில் நிற்கவேயில்லை. சர்க்கரைக்குச் சாம்பல் மூடி. உள்ளே சோடியம் ஃப்ளோரைடு. அதைப் படித்ததும் பென்னாகரத்துச் சித்தியின் பல் கறை நினைவுக்கு வந்தது. நிலத்தடி நீரில் மிகுந்து பல்லைக் கறையாக்கி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம் மாவட்டங்களுக்குக் கொண்டுவந்த அதே ஃப்ளோரைடு. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். ஃப்ளோரைடு அந்தத் தீனியை நிறுத்துகிறது. அதன்பின் சாம்பல் மூடியை நான் மறந்ததில்லை. ஊதா மூடி இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பது அது. அந்தக் குழாயில் கால்சியம் சோதித்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று வரும். இப்படி உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் முந்தின இரவே செய்முறையைத் தமிழில், வினைச்சொற்களாக மட்டும் எழுதிக்கொள்வது நல்லது: எடு, துடை, விடு, காத்திரு. அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வேதிப்பொருள்களின் பெயரைப் புட்டியில் உள்ளபடியே எழுதுங்கள், மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு அலமாரியில் தேட வேண்டாம்.

விரலில் குத்திய லான்செட் ஊசியை வெள்ளை நிறக் கூர்பொருள் டப்பாவில்தான் போட வேண்டும், கோட்டுப் பையில் அல்ல. ரத்தம் பார்த்து மயக்கம் வருகிறவர்கள் உட்கார்ந்துகொண்டே கை கொடுங்கள், அதில் வெட்கமில்லை.

எதையாவது உடைத்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். நான் ரத்த அணுக்களை எண்ண உதவும் நியூபாவர் சேம்பரின் கண்ணாடி மூடியை உடைத்து, கைக்குட்டையில் சுற்றி இரண்டு நாள் பையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டபோது அட்டெண்டர் அண்ணன் ஆச்சரியப்படவே இல்லை. அவர் மாலைதோறும் எண்ணிவிட்டுத்தான் அலமாரியைப் பூட்டுவாராம்.