ரைஃபிள் வாங்கறதுக்கு முன்னாடி: எந்த கேலிபர், எந்த குண்டு, கூட என்னென்ன வேணும்

புதுசா லைசென்ஸ் எடுத்தவங்க மொதல்ல கேக்கறது "எந்த கேலிபர் வாங்கலாம்"னுதான். கேலிபர்னா குழலோட உள் விட்டம், அதை வெச்சுத்தான் தோட்டா வகைக்கும் பேர். அதுக்கு முன்னாடி நாலு விஷயம் தெரியணும். என்ன விலங்கு, எவ்வளவு தூரத்துல, அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு, நீங்க இருக்கற நாட்டு சட்டம் என்ன சொல்லுது. இந்த நாலுக்கும் பதில் இருந்தா கேலிபர் பாதிக்கு மேல தானாவே முடிவாயிடும், இல்லாம நேரா கடைக்குப் போனா அவங்க கிட்ட என்ன ஸ்டாக் இருக்கோ அதைத்தான் தூக்கிட்டு வருவீங்க.

சட்டத்தை கடைசில பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க, ஏன்னா கேலிபரையே அதுதான் பாதி நேரம் முடிவு பண்ணுது. இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் பெரிய மான் வகைகளுக்கு குறைஞ்சது .240 அங்குல கேலிபர், குழல் வாய்ல 1700 ஃபுட் பவுண்ட் எனர்ஜி வேணும். ஜெர்மனில சின்ன வகையான ரோ மானுக்கு 100 மீட்டர்ல 1000 ஜூல் இருந்தா போதும், ஆனா மத்த குளம்பு விலங்குகளுக்கு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாத குண்டு, 100 மீட்டர்ல 2000 ஜூல். அதாவது .243 ரைஃபிள் ஒரு நாட்டுல சிவப்பு மானுக்கு சட்டப்படி சரி, இன்னொரு நாட்டுல அதே மானுக்கு குத்தம். கலிஃபோர்னியால 2019 ஜூலைல இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கே தடை, காட்டுப்பன்னி பயிரை அழிச்சாலும் அதிகாரியோட உத்தரவு இல்லாம சுட முடியாது. ராத்திரி சுடலாமா, சைலன்சர் போடலாமா, செமி ஆட்டோமேட்டிக் வெச்சுக்கலாமா, எந்த மாசம் எந்த விலங்கு, நிலத்துக்காரர் கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணுமா, இதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், பணம் கட்டறதுக்கு முன்னாடி படிச்சுடுங்க.

அடுத்தது பின்புலம். சுட்ட குண்டு விலங்கைத் தாண்டியோ தவறியோ போனா எங்க போய் நிக்கும்? சின்ன .22 தோட்டாதானேன்னு நெனைக்கறாங்க, அது ஒன்றரை மைல் வரைக்கும் போகும்னு தோட்டா பெட்டிலயே எச்சரிக்கை போட்டிருப்பாங்க. அதைவிட மோசம், மெதுவாப் போற ஈயக் குண்டு கல்லுல, காஞ்ச கெட்டி மண்ணுல, தண்ணி மேல பட்டா உடையாம தெறிச்சு வேற பக்கம் பறக்கும், அந்த ங்ங்ங்னு இழுத்துக்கிட்டுப் போற சத்தம் கேட்டிருந்தா தெரியும். அதனால மேடான இடத்துல இருந்து கீழ்நோக்கி, இல்லன்னா விலங்குக்குப் பின்னாடி மண் கரை இருக்கற மாதிரி நின்னுதான் சுடணும். வேலி, புதர், மரக்கூட்டம் இதெல்லாம் தடுப்பு கிடையாது. மேட்டு விளிம்புல வானத்துக்கு எதிரா நிக்கற விலங்கை சுடவே கூடாது, எவ்வளவு அழகா நின்னாலும் சரி.

இப்ப கேலிபருக்கு வரேன். கொட்டகை, தானியக் கிடங்குல எலி, புறாவுக்கு ஏர் ரைஃபிளே போதும், .177 இல்லன்னா .22, இருபது முப்பது மீட்டருக்குள்ள. கூரையை ஓட்டை போடற பயமும் குறைவு. முயலுக்கு .22 எல்ஆர், அதாவது லாங் ரைஃபிள். 1887லேயே வந்த தோட்டா, இன்னிக்கும் அதை அடிச்சுக்க ஆளில்ல, விலை குறைவு, உதை இல்ல, சப்சோனிக் (ஒலி வேகத்தை விட மெதுவாப் போற தோட்டா) போட்டு சைலன்சர் மாட்டினா பக்கத்துல இருக்கற அடுத்த முயல் கூட ஓடாது. ஆனா 50 மீட்டர்ல ஜீரோ பண்ணின, அதாவது அந்தத் தூரத்துல குறி வெச்ச எடத்துலயே படற மாதிரி ஸ்கோப்பை சரி பண்ணின சப்சோனிக் 100 மீட்டர் போறதுக்குள்ள ஆறேழு அங்குலம் எறங்கிடும், அதனால எழுபது மீட்டருக்குள்ள வெச்சுக்கறதுதான் நியாயம். இன்னும் தூரம் வேணும்னா .17 எச்எம்ஆர், 2002ல வந்தது, 17 கிரெயின் (குண்டு எடையோட அளவு) குண்டு வினாடிக்கு 2550 அடி வேகம், 150 மீட்டர் வரைக்கும் கோடு போட்ட மாதிரி போகும், பட்ட எடத்துல உடைஞ்சுடறதால தெறிக்கறதும் குறைவு. ஆனா காத்து அடிச்சா குண்டு ஒதுங்கும், மணிக்கு பத்து மைல் குறுக்குக் காத்துல 100 மீட்டர்ல மூணு நாலு அங்குலம் தள்ளிடும், முயல் தலைக்கு அது ரொம்ப அதிகம்.

நரி, கயோட்டி அளவுக்கு .223 ரெமிங்டன், நான் ரெண்டாவது யோசனையே பண்ண மாட்டேன். 55 கிரெயின் குண்டு வினாடிக்கு 3200 அடி, உதை ரொம்பக் குறைவு, தோட்டா எல்லா எடத்துலயும் கெடைக்கும். .22-250 இன்னும் வேகம்தான், ஆனா குழல் சீக்கிரம் தேயும், சத்தமும் அதிகம். .223 வாங்கறப்ப ட்விஸ்ட் ரேட் கேளுங்க, அதாவது குழலுக்குள்ள வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுத்து வருதுன்னு. பம்பரம் மாதிரிதான், நீளமான குண்டு நேரா போகணும்னா வேகமா சுத்தணும். 12 அங்குலத்துக்கு ஒரு சுத்துன்னா 55 கிரெயின் வரைக்கும்தான் நல்லா போகும், 8 அங்குலத்துக்கு ஒண்ணுன்னா எழுபது கிரெயினுக்கு மேலயும் தாங்கும். இது தெரியாம கனமான குண்டை வாங்கிட்டு வந்து ரைஃபிள் சரியில்லைன்னு விக்கறவங்க இருக்காங்க.

மானுக்கும் காட்டுப்பன்னிக்கும் வந்தா விவாதம் முடியவே முடியாது. என் கணக்கு இப்படி. நரியும் சின்ன மானும் ரெண்டுக்கும் ஒரே ரைஃபிள் வேணும்னா .243 வின்செஸ்டர், சட்டம் இடம் கொடுத்தா. மான்தான் முக்கியம்னா 6.5 கிரீட்மூர் இல்லன்னா பழைய 6.5x55 ஸ்வீடிஷ், உதை மிதமா இருக்கும், நீள குண்டுங்கறதால ஆழமாப் போகும். பன்னி, பெரிய மான்னா .308 வின்செஸ்டர், உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் தோட்டா கெடைக்கும். .270, .30-06 வெச்சிருக்கறவங்க மாத்தவே வேண்டாம், நூறு வருஷமா வேலை செய்யுது. மேக்னம், அதாவது வெடிமருந்து அதிகமா இருக்கற பலமான தோட்டா, எல்லாம் மொதல் ரைஃபிளா வேண்டவே வேண்டாம். உதைக்கு பயந்து ட்ரிகர் இழுக்கறப்ப கண்ணை மூடறது, தோளை முன்னால தள்ளறது ஒரு தடவை பழகிடுச்சுன்னா போக்கறது ரொம்பக் கஷ்டம், குடல்ல பட்ட மேக்னம் குண்டை விட நுரையீரல்ல பட்ட .243 எவ்வளவோ மேல். ஆப்பிரிக்க எருமை, யானை மாதிரி ஆபத்தான விலங்குக்கு பல நாடுகள்ல .375 குறைஞ்சபட்சம்னு சட்டமே இருக்கு, அது தனி உலகம்.

கேலிபரைப் பத்தி மணிக்கணக்குல பேசறவங்க குண்டைப் பத்தி பேச மாட்டேங்கறாங்க, எனக்கு ஆதங்கம் இதுலதான். விலங்கைக் கொல்றது கேலிபர் நம்பர் இல்ல, குண்டு உள்ள போய் என்ன பண்ணுதுங்கறதுதான். நரிக்குன்னு செய்யற மெல்லிசு வார்மின்ட் குண்டு பட்ட உடனே பொடியாயிடும், அதை மான் தோள்ல அடிச்சா எலும்புலயே உடைஞ்சு மேலோட்டமா ஒரு பெரிய காயம் மட்டும் விழும், மான் அந்தக் காயத்தோட ஓடிப்போய் நாள் கணக்குல சாகும். ஃபுல் மெட்டல் ஜாக்கெட் (முழுக்க உலோக உறை போட்ட குண்டு) நேர் எதிர், விரியாம ஊசி மாதிரி துளைச்சுட்டுப் போயிடும், பல இடங்கள்ல மானுக்கு சட்டப்படியே கூடாது. மானுக்கு நுனில ஈயம் வெளிய தெரியற சாஃப்ட் பாயிண்ட், பன்னிக்கு ஈயத்தையும் செம்பு உறையையும் ஒட்டவெச்சு செஞ்ச பாண்டட் குண்டு. ஈயம் கூடாதுன்னா முழுச் செம்பு, ஆனா செம்புக்கு அடர்த்தி குறைவு, ஒரே எடைல குண்டு நீளமாயிடும், அதனால ஒரு படி லேசான எடை எடுங்க. செம்பு விரியறதுக்கு வேகமும் வேணும், ரொம்ப தூரத்துல வேகம் செத்துப்போனா பென்சில் கணக்கா ஓட்டை மட்டும் விழும். எவ்வளவு வேகம் வரைக்கும் விரியும்னு கம்பெனி போட்டிருக்கும், பாருங்க. கறி சாப்பிடறதா இருந்தா இன்னொரு விஷயம், ஈயத் துணுக்கு காயத்துல இருந்து கண்ணுக்குத் தெரியாம கொஞ்ச தூரம் பரவியிருக்கும், அந்தப் பகுதியை தாராளமா வெட்டித் தள்ளிடணும்.

மூணு நாலு கம்பெனி தோட்டால ஒவ்வொரு பெட்டி வாங்கி, குழல் சூடாகாம ஐஞ்சு ஐஞ்சா காகிதத்துல சுட்டுப் பாருங்க. ஒரே மாடல் ரைஃபிள் ரெண்டு, ரெண்டுக்கும் வேற வேற தோட்டா பிடிக்கும். எது சின்ன கூட்டமா விழுதோ அதே லாட் நம்பர்ல (ஒரே தடவைல தயாரிச்ச தொகுதி) மொத்தமா வாங்கிடுங்க.

ரைஃபிள்னா போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு தடவையும் கையால போல்ட்டை இழுத்து தோட்டா ஏத்தறது), மொதல் தடவை வேற எதுவும் யோசிக்க வேண்டாம். கண்ணை மூடிட்டு தோளுக்கு எடுத்து வெச்சு கண்ணைத் தொறந்தா ஸ்கோப் படம் முழு வட்டமா தெரியணும், கறுப்பு நிழல் வந்தா ஸ்டாக், அதாவது தோள்ல வெக்கற கட்டையோட நீளமோ கன்னம் படற உயரமோ சரியில்ல. பழசு வாங்கறதா இருந்தா போல்ட்டைக் கழட்டி குழலை வெளிச்சத்துல பாருங்க, வாய் விளிம்புல அடி பட்டிருக்கான்னு விரல் நகத்தால தடவிப் பாருங்க, ஸ்டாக் கைப்பிடி கிட்ட விரிசல் இருக்கான்னு பாருங்க.

பணத்தை ஸ்கோப்ல போடுங்க. விலங்கு வெளிய வர்றது விடியக்காலைலயும் அந்தி நேரத்துலயும்தான், அப்பதான் மலிவு கண்ணாடி சாம்பல் பூசின மாதிரி ஆகும். ஜூம் அதிகமா இருந்தா நல்லதுன்னு நெனைக்காதீங்க. லென்ஸ் அளவை ஜூமால வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளி வட்டத்தோட அளவு கெடைக்கும், 6x42ல (ஆறு மடங்கு ஜூம், 42 மில்லிமீட்டர் லென்ஸ்) 7 மில்லிமீட்டர், அதே 42ஐ 14 ஜூம்ல வெச்சா வெறும் 3. இருட்டுல நம்ம கண்மணி ஐஞ்சு ஆறு மில்லிமீட்டர் விரியும், அதனால அந்தில ஜூமைக் கொறைச்சாத்தான் வெளிச்சமா தெரியும். மானுக்கு 3-9x40 தாராளம். ஸ்கோப்பை ரைஃபிள்ல பிடிச்சு வெக்கற மவுண்ட்ல மிச்சம் பிடிக்கறவங்கதான் அப்புறம் "ஜீரோ நிக்கலை"ன்னு புலம்பறாங்க. முடுக்கற பலத்தை அளவா வெச்சுக்கற டார்க் (torque) ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு வாங்கி, கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்குங்க, ரிங் ஸ்க்ரூவுக்கு பெரும்பாலும் 15ல இருந்து 20 இஞ்ச் பவுண்டுக்குள்ளதான் வரும், கையால முழு பலம் கொடுத்தா ஸ்கோப் குழாய் நசுங்கும்.

காது பாதுகாப்பை யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல. பெரிய ரைஃபிள் சத்தம் 160 டெசிபல் பக்கம் வரும், 140க்கு மேல ஒரே ஒரு வெடியே காதுக்கு நிரந்தர சேதம் பண்ணலாம். சைலன்சர் இருபது முப்பது டெசிபல் கொறைக்கும், அதோட இயர் மஃபும் போடுங்க, எலெக்ட்ரானிக் வகைன்னா சின்னச் சத்தமும் கேக்கும்.

ராத்திரி வேலைக்கு சட்டம் அனுமதிச்சா தெர்மல் ஸ்பாட்டர் (உடம்பு வெப்பத்தைக் காட்டற கருவி) நல்ல உதவி, ஆனா வெப்பப் புள்ளி தெரியுதுன்னு சுட முடியாது. தெர்மல்ல வேலிக் கம்பி தெரியாது, புல் தெரியாது, பின்னால மண் கரையா வானமான்னு சரியாப் புரியாது, கன்னுக்குட்டியும் நாயும் நரியும் தூரத்துல ஒரே வெள்ளைப் பொட்டுதான். அந்த நிலத்தைப் பகல்ல நடந்து பாத்து எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் கூடாதுன்னு மனசுல பதிய வெச்சுக்கிட்டு, என்ன விலங்குன்னு நூறு சதவீதம் உறுதியான பிறகுதான் விரல் ட்ரிகருக்குப் போகணும். அதே காரணத்துக்காகத்தான் பகல்லயும் 8x42 பைனாகுலர் கட்டாயம்னு சொல்றேன், அங்க அசையறது என்னன்னு ஸ்கோப் வழியா பாக்கறது ஒரு மனுஷன் மேல துப்பாக்கியை நீட்டறதுல போய் முடியும்.

கூட ஒரு ஷூட்டிங் ஸ்டிக் (ரைஃபிளைத் தாங்கற கோல்), தூரம் அளக்கற ரேஞ்ச் ஃபைண்டர், கூர்மையான சின்னக் கத்தி, ரப்பர் கையுறை, ஹெட் டார்ச், ரத்தம் நிறுத்தற டூர்னிகே. ரெண்டு கேலிபர் வெச்சிருந்தா தோட்டாவை ஒரே பைல போடாதீங்க, .300 பிளாக்அவுட் தோட்டா .223 சேம்பர்ல (தோட்டா உக்கார்ற அறைல) உள்ள போய் அடைஞ்சுடும், சுட்டா ரைஃபிளே வெடிக்கும்.

ஜீரோ பண்றப்ப .22 எல்ஆருக்கு 50 மீட்டர், பெரிய ரைஃபிளுக்கு 100. ஸ்கோப் திருகோட ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்தும்னு எம்ஓஏ, மில்ங்கற கோண அளவுலதான் சொல்வாங்க, கால் எம்ஓஏ கிளிக்னா 100 மீட்டர்ல சுமார் 7 மில்லிமீட்டர் நகரும், 0.1 மில் கிளிக்னா சரியா 1 சென்டிமீட்டர். .308ஐ 100ல ஒன்றரை, ரெண்டு அங்குலம் மேல விழற மாதிரி வெச்சா 200 பக்கம் குறியிலேயே வரும். இதெல்லாம் பெஞ்சுல உக்காந்து பண்ற வேலை, அதுக்கு அப்புறம் பெஞ்சை விட்டு எழுந்திருங்க. ஆறு அங்குலத் தட்டு ஒண்ணை வெச்சு, மானோட இதயமும் நுரையீரலும் இருக்கற எடம் ஏறக்குறைய அவ்வளவுதான், ஸ்டிக்ல நின்னபடி, கொஞ்சம் ஓடி மூச்சு வாங்கறப்ப, ஐஞ்சு சுட்டா ஐஞ்சும் தட்டுல விழற தூரம் எதுவோ அதுதான் உங்க எல்லை. பல பேருக்கு அது 120 மீட்டர்தான் வரும், அதுல தப்பே இல்ல, இன்னும் கொஞ்சம் ஊர்ந்து கிட்டப் போகணும், அவ்வளவுதான்.

சுட்ட பிறகு விலங்கு ஓடிட்டா பின்னாடியே ஓடாதீங்க. மொதல்ல அது நின்ன எடத்தையும் கடைசியா பாத்த எடத்தையும் ஏதாவது மரம், கல்லு வெச்சு ஞாபகம் வெச்சுக்கிட்டு, மறுபடி லோட் பண்ணி சேஃப்டி போட்டுட்டு, பத்து பதினைஞ்சு நிமிஷம் அசையாம இருந்துட்டு, அப்புறம் போய் தரையைப் பாருங்க. இளஞ்சிவப்பா நுரை நுரையா ரத்தம் கெடந்தா நுரையீரல், பக்கத்துலயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பா, பச்சையா அரைச்ச புல் கலந்து நாத்தம் அடிச்சா வயிறு, உடனே தொரத்தினா அது கிலோமீட்டர் கணக்குல போயிடும், சில மணி நேரம் விட்டுட்டு, முடிஞ்சா பழக்கின நாயோட போய்த் தேடணும், கெடைக்கற வரைக்கும் தேடணும்.