நாஸ்கார் வரலாறு எழுதப் போகிறீர்களா? முதலில் இதையெல்லாம் சரிபாருங்கள்

நாஸ்கார் என்பது அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பு. பிப்ரவரி வந்தால் போதும், வருஷம் முழுக்கக் கூடைப்பந்து எழுதிக்கொண்டிருந்த நிருபரின் தலையில் திடீரென்று அதன் பெரிய பந்தயமான டேடோனா 500 பற்றிய கட்டுரை வந்து விழும், அதுவும் சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவர் என்ன செய்வார், போன வருஷம் யாரோ எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவார். அதிலிருக்கும் தப்பெல்லாம் புதுக் கட்டுரையிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் கால் வழுக்கும் இடங்கள் என்னவோ எப்போதும் அதே சில இடங்கள்தான். அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் முக்கால்வாசித் தப்பு வராது.

முதலில் எந்தத் தொடர் என்று பாருங்கள். நாஸ்காரின் மேல்தொடரை இன்று கப் சீரிஸ் என்கிறோமே, அது 1949-ல் ஸ்டிரிக்ட்லி ஸ்டாக் என்ற பெயரில் தொடங்கியது. 1950-ல் கிராண்ட் நேஷனல் ஆனது, 1971-ல் சிகரெட் கம்பெனிப் பணம் வந்ததும் வின்ஸ்டன் கப், 2004-ல் நெக்ஸ்டெல், 2008-ல் ஸ்பிரின்ட், 2017-ல் மான்ஸ்டர் எனர்ஜி, 2020-லிருந்துதான் ஸ்பான்சர் ஒட்டாத கப் சீரிஸ். இதில் வினை எங்கே என்றால், மேல்தொடர் கழற்றிப் போட்ட கிராண்ட் நேஷனல் என்ற பெயரை எண்பதுகளின் பிற்பாதியில் இரண்டாம் நிலைத் தொடர் எடுத்து மாட்டிக்கொண்டது. 1955-ல் ஒருவர் கிராண்ட் நேஷனல் பந்தயம் ஜெயித்தார் என்றால் அவர் உச்சியில் ஜெயித்தவர், 1995-ல் என்றால் அதற்கு ஒரு படி கீழே.

2019-ல் ஓட்டுநர் கைல் புஷ் 200 வெற்றியைத் தொட்டபோது இந்தக் குழப்பம் நன்றாகவே தெரிந்தது. பழைய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் 200 வெற்றிச் சாதனையைச் சமன் செய்துவிட்டார் என்று சட்டென்று எழுதிவிடத் தோன்றும். பெட்டியின் 200 முழுக்க மேல்தொடரில் வந்தது. புஷ்ஷுடையது கப், அதற்குக் கீழே உள்ள இரண்டு என மூன்று தேசியத் தொடர்களையும் கூட்டியது, அதில் கப் வெற்றிகள் அன்றைக்கு 53தான். இன்னொரு பக்கம், பெட்டி ஓட்டிய காலத்தில் வருஷத்துக்குப் பந்தயங்களும் அதிகம்: 1971-ல் 48 இருந்தது, 1972-ல் 31 ஆகக் குறைந்தது, அந்த வருஷத்திலிருந்துதான் 'நவீன காலம்' என்று கணக்கு வைக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு எண்ணைக் கொடுங்கள், போதும். அதற்காக 1967-ல் ஒரே சீசனில் அவர் ஜெயித்த 27-ஐ மட்டம் தட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்ததுதான் பெரிய சிக்கல். கொடி விழுந்தபோது முதலில் வந்தவரும் ஏட்டில் இருக்கும் வெற்றியாளரும் ஒரே ஆளா என்று பாருங்கள். தொடரின் முதல் பந்தயத்திலேயே இந்தத் தகராறு வந்துவிட்டது. க்ளென் டனவே முதலில் வந்தார், பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார் என்று நீக்கிவிட்டு ஜிம் ரோப்பரிடம் வெற்றியைக் கொடுத்தார்கள். 1959-ல் முதல் டேடோனா 500-ல் ஜானி போஷாம்ப்தான் வெற்றியாளர் என்று அறிவித்தார்கள், மூன்று நாள் கழித்துப் புகைப்படங்களைப் பார்த்து லீ பெட்டி என்று மாற்றினார்கள். அதனால் பழைய செய்தித்தாளைப் புரட்டும்போது பந்தயத்துக்கு மறுநாள் இதழோடு நிறுத்தாதீர்கள், அந்த வாரம் முழுக்கப் பாருங்கள்.

1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில் பந்தயம் இதைவிடக் கசப்பானது. கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட் இரண்டு சுற்று முன்னால் இருந்தார், ஆனால் வெற்றி என்று கொண்டாடியது பக் பேக்கர். பிறகு தப்பு நடந்ததை அதிகாரிகளே ஒத்துக்கொண்டார்கள், ஆனால் அந்தக் கோப்பை ஸ்காட் கைக்கு வரவே இல்லை. ஸ்காட் 1990-ல் இறந்தார், நாஸ்கார் அவருடைய குடும்பத்துக்குக் கோப்பை கொடுத்தது 2021-ல். அப்புறம், நாஸ்காரின் முதல் கறுப்பின ஓட்டுநர் என்று அவரை எழுதாதீர்கள். அவருக்கு முன்பே 1955-ல் எலையஸ் போவி ஓட்டியிருக்கிறார். மேல்தொடரில் ஜெயித்த முதல் கறுப்பினத்தவர் ஸ்காட், இரண்டாமவர் 2021-ல் டல்லடேகாவில் ஜெயித்த பப்பா வாலஸ்.

பெண்கள் விஷயத்திலும் அதே கதை. ஜேனட் கத்ரி 1977-ல் டேடோனா 500-ல் ஓட்டிய முதல் பெண், அது சரி. ஆனால் நாஸ்காரின் முதல் பெண் ஓட்டுநர் என்று யாரையாவது எழுதும் முன் 1949-ன் அந்த முதல் பந்தயப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், அதில் சாரா கிறிஸ்டியன் பெயர் இருக்கும். 1979 டேடோனா 500-ம் நேரலையில் வந்த முதல் நாஸ்கார் பந்தயம் இல்லை. 1971-லேயே கிரீன்வில்-பிக்கன்ஸ் தடத்திலிருந்து ஏபிசி தொலைக்காட்சி ஒன்றை முழுதாக நேரலையில் காட்டியது. 1979-க்கு உரிய பெருமை, 500 மைல் பந்தயம் ஒன்று தொடக்கம் முதல் முடிவு வரை தேசிய அளவில் நேரலையில் வந்தது அதுதான் முதல் தடவை.

இடமும் கவனம். அந்த 1949 பந்தயம் நடந்தது சார்லட் ஸ்பீட்வே என்ற முக்கால் மைல் மண் தடத்தில். இன்றைய சார்லட் மோட்டார் ஸ்பீட்வே 1960-ல்தான் திறந்தது.

பழைய ஓட்டுநர்கள் கள்ளச்சாராயம் கடத்திக் கார் ஓட்டப் பழகினார்கள் என்ற கதையை எழுதாமல் எந்த நிருபருக்கும் கை நிற்பதில்லை. எழுதுங்கள், பொய்யில்லை, ஆனால் போலீஸ் துரத்த ஓட்டுநர் ஜூனியர் ஜான்சன் காரோடு மாட்டினார் என்று சினிமா காட்டாதீர்கள். அவர் பிடிபட்டது அப்பாவின் சாராய அடுப்புக்குப் பக்கத்தில், ஓட்டிக்கொண்டு போகும்போது இல்லை.

கடைசியாக, நீங்கள் எடுக்கும் பட்டியல் எந்தத் தேதியில் போட்டது என்று பாருங்கள். 1971 ஆகஸ்டில் போமன் கிரே மைதானத்தில் பாபி அலிசன் முதலில் வந்தார், ஆனால் அவர் ஓட்டியது வேறொரு பிரிவைச் சேர்ந்த ஃபோர்டு மஸ்டாங். அதனால் அந்தப் பந்தயத்துக்கு வெற்றியாளரே இல்லை என்று பல பத்தாண்டுகள் ஏட்டில் கிடந்தது. 2024 அக்டோபரில் அதை அவர் கணக்கில் சேர்த்தார்கள், அவருடைய மொத்த வெற்றி 84 என்பது 85 ஆனது, அடுத்த மாதமே அவர் இறந்தும் போனார். அதற்குச் சற்று முன் நாஸ்கார் போட்ட பட்டியல்களில் அலிசனும் இன்னொரு ஓட்டுநர் டேரல் வால்ட்ரிப்பும் 84-ல் சமமாகத்தான் நிற்பார்கள்.