லண்டனில் பிறந்த பிள்ளைக்கு இந்திய பாஸ்போர்ட்: நான் பட்டது போதும்

போன சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பதினோரு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாக்காரர் சொல்கிறார், "இவளுக்கு என்ன அண்ணே அவசரம்? நாங்க ரெண்டு பேரும் இந்தியர், இவளும் இந்தியர்தானே. ஊருக்குப் போகும்போது பாஸ்போர்ட் எடுத்துக்கலாம்." 2013ல் நான் பேசிய அதே பேச்சு, வார்த்தைகூட மாறவில்லை. கை கழுவியதும் லேப்டாப்பை எடுக்கச் சொல்லி, இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியும் பாரத்தை நிரப்ப வைத்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினேன்.

போட்டோ அளவு, அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஜெராக்ஸ் கொண்டுபோக மறப்பது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை திருப்பி அனுப்பினால் தானாகப் புத்தி வந்துவிடும்.

"ஊருக்குப் போகும்போது எடுத்துக்கலாம்"

2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை, அப்பா அம்மா இந்தியர் என்பதால் மட்டும் இந்தியக் குடிமகன் ஆகிவிடாது. 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கேட்பது இது: பிறந்து ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், பிள்ளையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். வருடம் தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி வாங்கித்தான் பதிய முடியும்.

இதில் எல்லோரும் ஏமாறுவது 'பதிவு' என்ற சொல்லில்தான். இங்கிலாந்தில் பிறந்த குழந்தையை 42 நாளுக்குள் உள்ளூர் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதை எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுகிறோம். அப்புறம் தூதரகப் பதிவைப் பற்றிக் கேட்டால், "அதான் பதிஞ்சாச்சே" என்று அந்தச் சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள். அந்தக் காகிதம் குழந்தை பிறந்ததைச் சொல்லும், அது எந்த நாட்டுக் குடிமகன் என்பதைச் சொல்லாது. இங்கே பிறந்ததால் பிரிட்டிஷ் என்பதும் 1983 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்த கதை. அப்பா அம்மாவில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ, ஐஎல்ஆர் மாதிரி நிரந்தரமாகத் தங்கும் அனுமதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். ஆக, வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்களின் பிள்ளை, தூதரகத்தில் பதியும்வரை அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

துபாய், ஷார்ஜாவில் இருப்பவர்கள் இந்தத் தப்பை அதிகம் செய்வதில்லை, ஏனென்றால் பிறந்து 120 நாளுக்குள் குழந்தைக்கு விசா எடுக்காவிட்டால் அபராதம் ஏறும், விசாவுக்கு பாஸ்போர்ட் வேண்டும், பயந்துகொண்டு ஓடுகிறார்கள். இங்கே ஒரு ஆள் கேட்பதில்லை. தடுப்பூசி போடக் கேட்பதில்லை, நர்ஸ் வீட்டுக்கே வந்து எடை பார்த்துவிட்டுப் போகிறார், நமக்கும் எல்லாம் சரியாக நடக்கிற மாதிரியே இருக்கும்.

என் மகளுக்கு ஒரு வயது முடிந்து மூன்று வாரம் ஆனபோது விண்ணப்ப மையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா பிறந்த தேதியில் பேனா முனையை வைத்தார், எதிரே தொங்கிய காலண்டரைப் பார்த்தார், ஃபைலை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். ஊரில் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்த நாள் குறித்தாயிற்று. மாமனார் கிடாய்க்கு முன்பணம் கொடுத்துவிட்டார். மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் சிங்கப்பூரில் இரண்டு வார லீவு போட்டு வந்து சேர்ந்தாயிற்று. நானோ ஹவுன்ஸ்லோவில் உட்கார்ந்து 'ஏன் தாமதம்' என்று விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று எழுதவா முடியும்? அனுமதி வர ஐந்து மாதம் ஆனது. டிக்கெட் காசு போனது போனதுதான். கடைசியில் இரண்டு வயதை நெருங்கும்போது காது குத்தினோம், கையைக் காலை உதறத் தெரிந்த பிள்ளையைப் பிடிக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். மச்சான் இன்றைக்கும் அந்த லீவைச் சொல்லிக்காட்டுவார்.

மறந்து விட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேண்டுமென்றே பதியாதே என்று யோசனை சொல்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எரிகிறது. 2017ல் இங்குள்ள உயர்நீதிமன்றம், இங்கே பிறந்து தூதரகத்தில் பதியப்படாத ஒரு இந்தியத் தம்பதியின் பிள்ளையை நாடற்றவர் என்று ஏற்றது. இங்கே பிறந்து ஐந்து வருடம் இங்கேயே இருக்கும் நாடற்ற பிள்ளை பிரிட்டிஷ் குடியுரிமை கேட்கலாம். உடனே வாட்ஸ்அப் முழுக்க, "பதியாம விடு, தானா பிரிட்டிஷ் வந்துடும்". 2022ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பெற்றோரின் நாட்டுக் குடியுரிமையை நியாயமாக வாங்கியிருக்க முடியும் என்றால் இப்போது மறுக்கலாம். 2017 யோசனை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிடைத்தாலும், அந்த ஐந்து வருடம் பாஸ்போர்ட் இல்லாத பிள்ளை ஆத்தா தாத்தாவை போனில்தான் பார்க்கும். எந்தப் புண்ணியவான் இதை முதலில் கிளப்பிவிட்டாரோ தெரியவில்லை.

இலங்கைத் தமிழர்களுக்கு

இலங்கைத் தூதரகத்தில் பதியவும் ஒரு வருடக் கணக்குதான்.

பேர்

ரெஜிஸ்ட்ரார் 'சர்நேம்' கேட்பார், நாம் இனிஷியலைச் சொல்லுவோம். நண்பர் ஒருவர் 'கே' என்ற ஒற்றை எழுத்தையே மகனுக்குக் குடும்பப் பெயராக எழுதிக்கொடுத்துவிட்டார். இந்திய பாஸ்போர்ட் பாரத்தில் இனிஷியலை விரித்து முழுப்பெயராக எழுத வேண்டும், சான்றிதழிலோ வெறும் 'கே', அப்புறம் அதைத் திருத்த இவர் அலைந்தது தனிக்கதை. சர்நேம் இடத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயராக வாங்குவதும் வேண்டாம். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை விட மாட்டோம் என்று அறிவித்தபோது பல குடும்பங்கள் திண்டாடின. அப்பா பெயரை முழுதாகச் சர்நேமில் போடுங்கள். 'தாத்தா பெயரா, அப்பா பெயரா' சண்டையைப் பிரசவத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சான்றிதழ்

ரெஜிஸ்ட்ரார் தரும் சின்னப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது. முழுச் சான்றிதழ் வாங்குங்கள்.

இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்வது

ஐஎல்ஆர் வந்த பிறகு பிறந்த பிள்ளை பிறப்பிலேயே பிரிட்டிஷ். அந்த பாஸ்போர்ட்டை எடுத்தால் ஊருக்குப் போக ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வாங்க வேண்டும். ஓசிஐ என்பது குடியுரிமை ஆகாது, ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. முதலில் இந்தியராகப் பதிந்து, பிறகு பிள்ளைக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். "இன்னும் தேதி இருக்கே" என்று அதிலேயே ஒருவர் பிள்ளையைச் சென்னைக்குக் கூட்டிப் போய் வந்தார், அதைப் பெருமையாக வேறு சொன்னார். மாட்டினால் தெரியும்.

ஐந்து வருடம்

சின்னப் பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் அவ்வளவுதான். பத்து இல்லை.

பிரிட்டிஷ் குடியுரிமைப் பாரம்

என்னிடம் கொண்டுவராதீர்கள். உரிமம் இல்லாமல் குடியேற்ற ஆலோசனை சொல்வது இங்கே குற்றம், உரிமம் உள்ளவர்களிடம் போங்கள். ஈஸ்ட் ஹாம் பாப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது, அவள் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்னால்.