'லேட்' என்ற சொல் எங்கெல்லாம் சறுக்கும்?

'லேட்டாயிடுச்சு' என்பதை ஆங்கிலம் என்றே நாம் இப்போது நினைப்பதில்லை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் இந்தச் சொல்லிடம் வாங்கும் வேலையை எல்லாம் ஆங்கிலத்திலும் வாங்கப் பார்க்கிறோம்.

'லேட் பண்ணாதே' என்று பேசிப் பழகிய வாய், ஆங்கிலத்தில் 'டோன்ட் லேட்' என்கிறது. 'லேட்' பெயரடையாக வரும், வினையடையாகவும் வரும், வினைச்சொல்லாக வராது. எனவே 'டோன்ட் பி லேட்' என்றுதான் சொல்ல வேண்டும். 'வை லேட்?' என்பதும் அப்படியே, 'வை ஆர் யூ லேட்?' ஆகும். 'ஐ காட் லேட்' நம் ஊர் அலுவலகங்களில் செல்லும், வெளியூர்க்காரர் காதில் உறுத்தும். 'ஐ வாஸ் லேட்' போதும். வழியில் ஏதாவது தடுத்திருந்தால் 'ஐ காட் டிலேய்டு' பொருத்தம்.

எவ்வளவு நேரம் என்பதை முன்னால் வையுங்கள்: 'டென் மினிட்ஸ் லேட்'. கூட்டத்துக்குத் தாமதம் என்றால் 'லேட் ஃபார் தி மீட்டிங்'. வாடகை கட்டத் தாமதம் என்றால் 'லேட் வித் தி ரென்ட்'.

நன்றாகப் படித்தவர்களும் விழும் குழி 'லேட்லி'. ஸ்லோ, ஸ்லோலி ஆவதைப் பார்த்துவிட்டு, தாமதமாக வந்ததை 'ஹி கேம் லேட்லி' என்று எழுதிவிடுகிறார்கள். 'லேட்லி' என்றால் சமீப காலமாக என்று பொருள்; தாமதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'ஐ ஹேவன்ட் சீன் ஹிம் லேட்லி', அதாவது கொஞ்ச நாளாக அவரைப் பார்க்கவில்லை. தாமதமாக வந்தவர் 'கேம் லேட்', அவ்வளவுதான்.

அடுத்தது, மறைந்தவர்களைக் குறிக்கும் 'லேட்'. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன் வெறுமனே 'லேட்' என்று போடுவது நம் வழக்கம். ஆங்கில வாக்கியத்தில் அது தனியாக நிற்காது. 'தி லேட்' என்றோ 'மை லேட் ஃபாதர்' என்றோ வர வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால்தான் இந்தப் பொருள். 'மை ஃபாதர் இஸ் லேட்' என்றால் அப்பா இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் லண்டன்காரர் புரிந்துகொள்வார். (தென் ஆப்பிரிக்கா, போட்ஸ்வானா பக்கம் இதே வாக்கியத்துக்கு அப்பா இறந்துவிட்டார் என்றும் பொருள் உண்டு!) 1616இல் இறந்த ஷேக்ஸ்பியருக்கு யாரும் 'தி லேட்' போடுவதில்லை, சமீப காலத்தில் மறைந்தவர்களுக்கே அது. உயிரோடு இருக்கும் முன்னாள் அமைச்சருக்குப் போட்டால் வம்பு. அவர் 'ஃபார்மர் மினிஸ்டர்'.

எழுத்துப்பிழை ஒன்றும் உண்டு. பிறகு என்று பொருள் தரும் 'லேட்டர்' சொல்லுக்கு ஒரு 'டி'. இரண்டில் பின்னதைக் குறிக்கும் 'லாட்டர்' சொல்லுக்கு இரண்டு 'டி'. ஸ்பெல்-செக் பல நேரம் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டும் சரியான சொற்கள்.

ஓர் இயக்குநரின் புதுப் படம் அவருடைய 'லேட்டஸ்ட் ஃபிலிம்'. 'லாஸ்ட் ஃபிலிம்' என்றால் அதற்குப் பின் அவர் படமே எடுக்கவில்லை என்றும் அர்த்தமாகிவிடலாம். 'அட் தி லேட்டஸ்ட்' என்பதோ கெடு வைப்பது: 'பை ஃபைவ் அட் தி லேட்டஸ்ட்' என்று மெயில் வந்தால், ஐந்து மணிக்கு ஒரு நிமிடம்கூடத் தாண்டக் கூடாது.