பையன் வளர்வான், பலகை வளராது: சின்ன அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், அறை வடிவமைக்கும் எங்கள் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் என் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். பத்தடிக்கு ஒன்பதடி அறை. ஏழு வயதுப் பையன். ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு மேலே கட்டில், அதன் கீழே மேசை, பக்கத்தில் துணி அலமாரி, ஏறிப்போகும் படிகளுக்குள் இழுப்பறைகள். எல்லாம் ஒரே உடல். கோடுகள் சுத்தமாக இருந்தன. "ஓர் அங்குலம்கூட வீணாகவில்லை சார்" என்றார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானே சொன்ன வாக்கியம் அது. இதே படத்தை என் மகனுக்காகப் போட்டேன், கட்டினேன், பிறகு என் கையாலேயே உடைத்தேன்.

அறையை அளக்காமல் கட்டில் வாங்குவது, வாசலில் நுழையாத அலமாரியை மாடிக்கு ஏற்றுவது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. ஒருமுறை வியர்வை சிந்தினால் அவை யாருக்கும் புத்தியில் ஏறிவிடும். எனக்குக் கவலை தருபவை, கட்டி முடித்த அன்று அழகாகத் தெரிந்து ஐந்தாறு ஆண்டு கழித்துப் பல்லிளிக்கும் தவறுகள்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைப்பது

என் கதையையே சொல்லிவிடுகிறேன். மூலையிலிருந்து ஜன்னல் வரை ஏழரை அடிச் சுவர் இருந்தது. அலமாரிக்கு இரண்டடி போக மீதி ஐந்தரை அடி. மகனுக்கு அப்போது உயரம் நாலடி. நாலடிப் பையனுக்கு ஐந்தரை அடிக் கட்டில் தாராளம் என்று கணக்குப் போட்டேன். அந்த அளவுக்கு மெத்தை எங்கும் கிடைக்காததால் தனியாக வெட்டித் தைக்கக் கொடுத்தேன். அப்போதே உறைத்திருக்க வேண்டும். எந்தக் கடையிலும் இல்லாத அளவில் ஒரு மெத்தை தேவைப்படுகிறது என்றால் தவறு கடையில் இல்லை.

விடலைப் பருவத்துக்கு முன் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். அந்த வேகத்தை வைத்துத்தான் நாம் எதிர்காலத்தைக் கற்பனை செய்கிறோம். ஆனால் பையன்கள் பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதை ஒட்டி ஒரே ஆண்டில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர்கூட எகிறுவார்கள். முந்தைய கோடையில் வாங்கிய கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கும்போது நமக்குப் புரியும். கால்சட்டையை மாற்றிவிடலாம். கட்டிலை?

என் மகன் பதின்மூன்றில் ஐந்தடி இரண்டு அங்குலம். கட்டில் ஐந்தடி ஆறு அங்குலம். நான்கு அங்குலம் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். படுத்துப் பார்த்தால்தான் தெரியும். தலையணைக்கு மேலே கொஞ்சம் போகும், நீட்டிய பாதம் கொஞ்சம் எடுக்கும். உயரத்தைவிட ஆறேழு அங்குலமாவது கூடுதல் நீளம் இருந்தால்தான் ஒருவன் கால் நீட்டித் தூங்க முடியும். அவன் கோணலாகப் படுக்கப் பழகிக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் விரிப்பை மாற்ற ஏறியபோதுதான் கவனித்தேன்: கால்மாட்டுப் பலகையில், பெருவிரல் படும் இடத்தில், லேமினேட்டின் பளபளப்பு போய் ஒரு நாணய அகலத்துக்கு மங்கியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மாதக்கணக்கில் இரவெல்லாம் அவன் அந்தப் பலகையை உதைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சரி, கட்டிலை நீட்டுவோம் என்று இறங்கினேன். கால்மாட்டுப் பலகைதான் அலமாரியின் பக்கப் பலகை. அதை எடுத்தால் அலமாரித் தட்டுகள் விழும். கட்டிலின் பாதி எடையைப் படிகள் தாங்குகின்றன, படிகளுக்குள் இழுப்பறைகள். மேசைப் பலகை இரண்டு தாங்கிகளுக்கும் நடுவே ஒட்டித் திருகப்பட்டிருக்கிறது. அதையும் ஏழு வயதுக்காரனுக்கு ஏற்ப இரண்டடி உயரத்தில் வைத்திருந்தேன், அவன் முழங்கால் இப்போது அடியில் இடிக்கிறது. மேசையை உயர்த்தலாம் என்றால் நாற்காலியையும் உயர்த்த வேண்டும், அப்போது தலை மேலே கட்டிலில் இடிக்கும். ஒரு அங்குலத்தைத் தொட்டால் மற்ற அத்தனையும் சேர்ந்து அசைகின்றன. நான் பெருமையாகச் சொன்ன 'ஓர் அங்குலம்கூட வீணாகவில்லை' என்பதற்கு உண்மையான பொருள் இதுதான்.

பிரிக்க இரண்டு நாள் பிடித்தது. திருகாணி மட்டும் என்றால் கழற்றியிருக்கலாம். நான் உறுதிக்காகப் பசையும் போட்டிருந்தேன். பிளைவுட் அடுக்கடுக்காகப் பிய்ந்து வந்தது. சுவரில் பள்ளங்கள். கீழே இருந்த தரை மற்ற இடத்தைவிட ஒரு நிறம் வெளிறிக் கிடந்தது. மிஞ்சியவை இழுப்பறைகள் ஓடும் உலோகச் சானல்கள் நான்கு ஜோடி, கைப்பிடிகள் ஆறு. கட்டுவதற்கு ஒரு செலவு, உடைப்பதற்கு ஒரு செலவு, மறுபடி வாங்குவதற்கு ஒரு செலவு. தூசியைத் துடைத்துக்கொண்டு நின்றபோது மகன் கேட்டான்: "அப்பா, முதலிலேயே ஒரு சாதாரணக் கட்டில் போட்டிருக்கலாமே?" பதின்மூன்று வயதுக்காரனுக்குத் தெரிந்தது, அப்போதே பத்தாண்டு அனுபவம் இருந்த எனக்குத் தெரியவில்லை. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

இப்போது நான் செய்வது எளியது. பையனோடு வளர வேண்டியவை தன் காலில் தனியாக நிற்க வேண்டும்: கட்டில், மேசை, நாற்காலி. வளர வேண்டாதவை சுவரோடு ஒட்டலாம்: அலமாரி, புத்தகத் தட்டு. இரண்டு வகைக்கும் நடுவே ஒரு பொதுப் பலகைகூடக் கிடையாது. தொட்டிலையும் குழந்தைக் கட்டிலையும் தாண்டியவுடன் நேராகப் பெரியவர்களின் ஒற்றைக் கட்டில், ஆறே கால் அடி நீளம், மூன்றடி அகலம். சின்னப் பையன் அதில் தொலைந்துபோனதுபோல் தெரிவான். தெரியட்டும். அடியில் சக்கரம் வைத்த இழுப்பறைகள் போட்டால், பரண்போல் உயரத்தில் கட்டும் பரண் கட்டிலில் மிச்சப்படுத்துவதாக நினைத்த இடத்தில் பாதி திரும்பக் கிடைத்துவிடும்.

மேசைக்கு ஒரு கணக்கு பாருங்கள். பள்ளி மேசை, நாற்காலிகளுக்கான இஎன் 1729 என்ற ஐரோப்பியத் தரநிலை, 119 முதல் 142 செ.மீ. உயரமுள்ள பிள்ளைகளுக்கு 59 செ.மீ. மேசையும் 35 செ.மீ. நாற்காலியும் சொல்கிறது. 159 முதல் 188 செ.மீ. வரை உள்ளவர்களுக்கு 76 செ.மீ. மேசை, 46 செ.மீ. நாற்காலி. இடைவெளி 17 செ.மீ. எந்த நிலையான பலகையும் இதைச் சமாளிக்காது. கால் உயரத்தை மாற்றக்கூடிய மேசை வாங்கலாம். அது கட்டுப்படியாகாவிட்டால் பெரியவர்களின் மேசையையே போட்டு, ஏற்றி இறக்கும் நாற்காலியை உயர்த்தி, தொங்கும் கால்களுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியை வையுங்கள். பையன் வளர வளர நாற்காலி இறங்கும், பெட்டி ஒருநாள் காணாமல் போகும். அந்தப் பெட்டிதான் நான் செய்ததிலேயே மலிவான, உருப்படியான மரச்சாமான்.

பரண் கட்டில்

மேலே சொன்னதற்குப் பிறகும் பரண் கட்டில்தான் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். தனியாக நிற்கும் கட்டிலாக வாங்குங்கள், ஆட்சேபம் இல்லை. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்கவிடாதீர்கள். அமெரிக்க விதிப்படி அடுக்குக் கட்டிலின் தடுப்பு, மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது ஐந்து அங்குலம் எழும்பி நிற்க வேண்டும். கட்டிலின் சட்டத்திலிருந்து இல்லை, மெத்தையின் மேலிருந்து. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். தடுப்பை ஒழுங்காகச் செய்துவிட்டு, பையன் சொகுசாகத் தூங்கட்டும் என்று எட்டு அங்குல மெத்தையைத் தூக்கிப் போடுவார்கள். தடுப்பு மெத்தைக்குள் மூழ்கிவிடும். நான் பார்த்த ஒரு வீட்டில் அது தலையணை உயரம்கூட இல்லை.

கூரைக்கும் மெத்தைக்கும் நடுவே மூன்றரை அடியாவது இருக்கிறதா, மின்விசிறியின் இறக்கை கைக்கெட்டும் தூரத்தில் சுழல்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை ஆம் என்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

கார் வடிவக் கட்டில்

வேண்டாம். ஆசை மூன்று ஆண்டு, கட்டில் பத்து ஆண்டு.

இரண்டடி ஆழ அலமாரி

தச்சரிடம் அலமாரி என்று சொன்னால் அவர் கை தானாக 24 அங்குலம் போடும். ஹேங்கரில் தோள் அகலத்துக்குச் சட்டையைத் தொங்கவிடுகிற பெரியவர்களுக்கான ஆழம் அது. பத்து வயதுப் பையன் சட்டையை ஹேங்கரில் மாட்டுவதில்லை. மாட்டுவான் என்று நம்பும் பெற்றோருக்கு என் அனுதாபங்கள். மடித்து வைக்க 15, 16 அங்குலம் போதும். ஆழம் கூடினால் முன்வரிசையில் இருப்பவற்றை மட்டும் மாற்றி மாற்றி உடுத்துவான், பின்னால் இருப்பவை போடாமலே சிறிதாகிவிடும். மிச்சமாகும் எட்டு அங்குலம் ஒன்பதடி அகல அறையில் நடைபாதை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டடிக்குக் குறைந்தால் பையன் கட்டில்மேல் ஏறித்தான் ஜன்னலுக்குப் போவான்.

புத்தகத் தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18 மி.மீ. துகள்பலகையை (பார்ட்டிகிள் போர்டு) மூன்றடி நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் விட்டால், பாடப்புத்தகச் சுமையில் அது நாளடைவில் தொட்டிலாக வளையும். இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுங்கள்.

மூடி போட்ட பெட்டிகள்

அம்மாக்களுக்குப் பிடிக்கும். அடுக்கி வைத்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பையன் என்ன செய்வான் தெரியுமா? மூடியின்மேல் பொம்மைகளைக் குவிப்பான். மேல்பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்து, உள்ளே போட்டு, மூடி, மறுபடி ஏற்றுவது ஐந்து வேலை. வீசினால் விழும் வாய் திறந்த கூடை ஒரே வேலை. அவன் சோம்பேறித்தனத்தோடு சண்டை போடாமல் அதற்கு ஏற்றபடி அறையை அமைத்தால் வீட்டில் கத்தல் குறையும். வியர்வைக் காலுறையும் விளையாட்டுப் பையும் மட்டும் காற்றுப் போகும் கூடைக்குள், கதவோரத்தில். மூடிய அலமாரிக்குள் போனால் வாசனை உங்களைத் தேடி வரும்.

சுவரோடு பிணைக்காத அலமாரி

மேலே பிணைக்காதே என்று அத்தனை பத்தி எழுதியவன்தான் இங்கே பிணை என்கிறேன். உயரமான அலமாரியையும் இழுப்பறைப் பெட்டியையும் சுவரோடு 'எல்' (L) வடிவத் தாங்கி வைத்து இறுக்குங்கள். பையன் இழுப்பறைகளைப் படிபோல் இழுத்துவிட்டு ஏறுவான். முன்பக்கம் எடை கூடியதும் முழுப் பெட்டியும் அவன்மேல் கவிழும். திருகாணி பூச்சோடு நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். சாமான் வந்த அன்றே. நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கட்டிலுக்குப் பின்னால் போன மின் இணைப்பு

வரைபடத்தில் முதலில் பிளக் இருக்கும் இடத்தைக் குறியுங்கள். அப்புறம் கட்டில்.

ஒரே நாளில் நிரப்புவது

அந்தப் பெண் மறுநாள் திருத்திய படத்தோடு வந்தார். கட்டில் தனியாக, மேசை தனியாக, அலமாரியின் ஆழம் 16 அங்குலம். எல்லாம் சரி. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாலடிச் சுவர் காலியாக இருந்தது. அதில் புள்ளிக்கோட்டில் ஒரு காட்சி அலமாரி. "இது எதற்கு?" என்றேன். "வெறுமையாகத் தெரிகிறதே சார்."

என் வீட்டிலும் உடைத்த பிறகு நாலடிச் சுவர் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. எட்டு மாதம் அதில் ஒன்றும் இல்லை. பிறகு மகன் தலைகீழாக நிற்கப் பழகினான், கால் தடங்கள் வந்தன. அப்புறம் ஒரு கிட்டார் வந்தது, போனது. பதினாறு வயதில் ஒரு சைக்கிளைத் தூக்கி வந்து, என்னைக் கேட்காமலே இரண்டு கொக்கி அடித்து மாட்டிவிட்டான். கொக்கி சரியாகச் செங்கல்லில் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் இழுத்துப் பார்த்தேன். இறங்கியிருந்தது.