கணக்குக் கணினிக்கு எதில் காசு போடலாம்?

டேலி போன்ற கணக்கு மென்பொருளுக்குக் கணினி வாங்குகிறீர்களா? பிராசசரில் இன்டெல் ஐ7, ஐ9 என்று போகாமல் ஐ5-ஓடு நிறுத்திக்கொண்டு, மிச்சக் காசை எஸ்எஸ்டிக்கும் (சுழலாத, வேகமான டிஸ்க்) 16 ஜிபி ரேமுக்கும் போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம், கடையில் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் சரி.

சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக் கடையோ புடவைக் கடையோ, பில் போடுவதும் ஜிஎஸ்டி கணக்கு எடுப்பதும் பிராசசருக்குச் சின்ன வேலைதான். பழைய பில்களை டிஸ்கிலிருந்து தேடி எடுப்பதில்தான் நேரம் போகிறது. கணக்குப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் வரி ஆணையத்தின் விதி. அதனால் கோப்பு பெருத்துக்கொண்டே போகும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு லெட்ஜர் திறக்கவே காத்துக் கிடக்க வேண்டும்.

பயன்படுத்திய கணினி வாங்குவோர் இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசசருக்குக் கீழே போகாதீர்கள். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

பிரவுசரில் ஓடும் கிளவுட் மென்பொருளுக்கு இந்த எஸ்எஸ்டி யோசனை பொருந்தாது. அங்கே இணைய வேகம்தான் முக்கியம். டேட்டா வேறொரு கணினியில் இருந்தால் எஸ்எஸ்டியை அதில் போடுங்கள், வைஃபையை நம்பாமல் கேபிள் இழுத்துவிடுங்கள்.