பால்வெளிப் பயணம் பருவநிலையை மாற்றுமா: ராமநாதபுரக் கரையிலிருந்து ஆராயும் முறை

சூரியக் குடும்பம் பால்வெளியில் நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் பூமி சூடாகிறது என்றொரு செய்தி, கோடை கடுமையாகும் ஆண்டுகளில் கைப்பேசிகளில் வலம் வருகிறது. அந்தச் செய்திக்குள் அறிவியலாளர்கள் நூறாண்டாக விவாதித்துவரும் உண்மையான கருதுகோளும் இருக்கிறது; காலக் கணக்கைக் கவனியாததால் நேர்ந்த பெருங்குழப்பமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் முறையை, மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பகுதிகளில் பள்ளி மாணவர்களுக்கு வானம் காட்ட விரும்புவோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயணத்தின் திசையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏப்ரல் மாதத்தில், அமாவாசை கழிந்த ஒரு வாரத்துக்குள், அதிகாலை நான்கு மணி இதற்கு ஏற்ற வேளை. வளர்பிறை நிலவு முன்னிரவிலோ நள்ளிரவை ஒட்டியோ மறைந்துவிடும், வடகிழக்குப் பருவமழை மேகங்களும் இராது. அமாவாசையன்றே ராமேசுவரம் நகருக்குள் போக வேண்டாம். தீர்த்தமாட வருவோரின் கூட்டமும் விளக்கொளியும் வானத்தை மறைத்துவிடும். தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதி இல்லை என்பதால், அரியமான் போன்ற கரையில், ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு நிற்பதே முறை.

தெற்கு நோக்கி நின்றால், விருச்சிகத்தின் கொடுக்கான மூலத்துக்கும் பூராடத்துக்கும் அருகே பால்வெளி தடித்து, வெண்மையாகத் தெரியும். பால்வெளியின் மையம் அந்தத் திசையில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. நம் அட்சரேகையில் அது அடிவானத்திலிருந்து 50 பாகைக்கும் மேலே ஏறுகிறது. ஐரோப்பியருக்குக் கிட்டாத காட்சி இது. பின்பு வடகிழக்கே திரும்பி, பால்வெளிப் பட்டையின் மேலேயே ஒளிரும் டெனப் விண்மீனைக் கண்டுபிடியுங்கள். மையத்தைச் சுற்றிவரும் சூரியன், நம்மையும் அழைத்துக்கொண்டு, நொடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு மேற்கே உயரத்தில் நிற்கும் அபிஜித் (வேகா) விண்மீனுக்கு அருகிலுள்ள திசையில், அண்டை விண்மீன்களை ஒப்பிடும்போது, நொடிக்கு 20 கிலோமீட்டர் அளவில் இன்னொரு சிறு நகர்வும் உண்டு. அதன் திசையை வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1783-இல் கணித்தார்.

அடுத்து இந்த நகர்வுகளின் காலங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மையத்தை ஒருமுறை சுற்ற 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். சென்ற முறை சூரியன் இதே பகுதியில் இருந்தபோது டைனோசர்கள் தோன்றத் தொடங்கிய காலம். சுற்றும்போதே சூரியன் பால்வெளித் தட்டின் நடுத்தளத்துக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. நடுத்தளத்தை ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை கடக்கிறது. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் நிறுத்திக்கொண்ட பிறகே பருவநிலைக்கு வர வேண்டும்.

இங்கே பலர் வழுக்கும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். பனியூழிகளை, அதாவது பனி பெருகிப் பூமி குளிர்ந்த நீண்ட காலங்களைப் பற்றிப் படிக்கும்போது 23,000, 41,000, 1,00,000 ஆண்டு என்ற சுழற்சிகள் வரும். அவை பால்வெளிப் பயணத்தால் வருவன அல்ல. பூமியின் அச்சுச் சாய்வும், அச்சு நோக்கும் திசையும், சூரியனைச் சுற்றும் பாதையின் வடிவமும் மெல்ல மாறுவதால் வருவன. அவற்றின் விளைவை நம் கரையிலேயே காணலாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பெருமளவு நீர் வட அமெரிக்கா, வட ஐரோப்பா நிலப்பரப்புகளில் பனியாக உறைந்துகிடந்தபோது கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மீனவர்கள் பெண்கடல் என்று அழைக்கும் ஆழமற்ற பாக் விரிகுடா அன்று தரையாகக் கிடந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பாம்பன் தீவின் கரையோரம் இன்றைய அலைகளுக்கு மேலே நிற்கும் தொல்பவளப் பாறையோ, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் சற்று உயர்ந்திருந்ததைக் காட்டுகிறது. அதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒதுங்கிய பவளத்துண்டாக இருந்தாலும் எடுத்துவர வேண்டாம். பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு உண்டு.

அப்படியானால் பால்வெளிப் பயணத்துக்கு எந்தப் பங்குமே இல்லையா? கோடி ஆண்டுக் கணக்கில் இருக்கக்கூடும். ஆய்வின் சுவையான பகுதியும் இதுதான். அடர்ந்த வாயுமேகத்துக்குள் சூரியன் நுழைவதால் பனியூழி வரலாம் என்று வானியலாளர் ஹார்லோ ஷாப்லி 1921-இலேயே எழுதினார். சூரியனிலிருந்து வீசும் துகளோட்டமான சூரியக் காற்று நம்மைச் சுற்றி ஒரு குமிழியை உருவாக்கி, வெளியிலிருந்து அதிவேகத்தில் பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்களான காஸ்மிக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. வாயேஜர் 1 விண்கலம் அந்தக் குமிழியின் எல்லையை 2012-இல், சூரியனிலிருந்து சுமார் 1,800 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. அடர்மேகம் ஒன்று அழுத்தினால் இந்த எல்லை பூமியின் பாதைக்கும் உள்ளே சுருங்கலாம். 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்திருக்கலாம் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு கணிக்கிறது. ஏறத்தாழ அதே காலத்துக்குரிய இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பு ஆழ்கடல் படிவுகளில் கிடைத்திருக்கிறது. பூமி உருவானபோது அதில் இருந்த இரும்பு-60 எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டதால், இந்த அணுக்கள் வெடித்த விண்மீனிலிருந்து பின்னர் வந்து படிந்தவை என்றே கொள்ள வேண்டும். விண்மீன் துகள் பூமிக்கு வந்தது உறுதி. அதனால் பருவநிலை மாறியது என்பது இன்னும் கருதுகோள்தான்.

இன்னொரு கருதுகோள் மேகங்களைப் பற்றியது. காஸ்மிக் கதிர்கள் கூடினால் தாழ்மேகங்கள் கூடி பூமி குளிரும் என்ற எண்ணத்தை டென்மார்க் இயற்பியலாளர் ஹென்ரிக் ஸ்வென்ஸ்மார்க் 1990-களில் முன்வைத்தார். பால்வெளியின் சுருள்கரங்களைக் கடக்கும்போது இக்கதிர்கள் பெருகும், ஆகவே பதினான்கு கோடி ஆண்டுக்கு ஒருமுறை அளவில் குளிர்யுகங்கள் வருகின்றன என்று இயற்பியலாளர் நிர் ஷாவிவ் 2002-இல் வாதிட்டார். இத்தகைய கூற்றைச் சோதிக்க மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். காரணமாகச் சொல்லப்படும் நிகழ்வின் காலம் தனியாக அளக்கப்பட்டதா? சுருள்கரங்கள் எத்தனை, எந்த வேகத்தில் சுழல்கின்றன என்பதிலேயே வானியலாளரிடையே உடன்பாடு இல்லாததால், ஷாவிவின் வாதம் இங்கே தளர்கிறது. இடையிலுள்ள இயற்பியலை ஆய்வகத்தில் பார்த்தார்களா? ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் நிறுவனத்தின் கிளவுட் சோதனை அதற்காகவே நடக்கிறது. மேகத்துளிகளுக்கு விதையாகும் நுண்துகள்கள் உருவாகக் கதிர்கள் உதவுவதை அது காட்டியது, ஆனால் இன்றைய வளிமண்டலத்தில் கதிர்களின் ஏற்ற இறக்கம் மேகங்களைப் பெரிதாக மாற்றாது என்பதும் அதிலிருந்தே தெரியவந்தது. மூன்றாவது, இயற்கையே அந்தச் சோதனையை நடத்திய காலம் உண்டா? உண்டு. சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் காந்தப்புலம் மிகவும் நலிந்தபோது கதிர்கள் பெருகியதை, கிரீன்லாந்துப் பனியில் உயர்ந்துள்ள பெரிலியம்-10 (காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது உருவாகும் அணு) காட்டுகிறது; அதற்கு ஈடான பெரிய பருவநிலை மாற்றத்தை அதே பனி காட்டவில்லை. என் மதிப்பீட்டில், மேகக் கருதுகோளுக்கு எதிரான மிக வலுவான சான்று இதுதான்.

கடைசியாக, இன்றைய வெப்பத்துக்கான கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். நொடிக்கு 230 கிலோமீட்டர் என்றால் 150 ஆண்டில் சூரியன் கடந்த தொலைவு சுமார் ஒரு லட்சம் கோடி கிலோமீட்டர். ஓர் ஒளியாண்டு ஏறத்தாழ 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர். ஆக, தொழிற்புரட்சிக்குப் பிந்தைய வெப்பவுயர்வுக் காலம் முழுவதிலும் நாம் நகர்ந்தது ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்குதான். பால்வெளித் தட்டின் குறுக்களவோ ஒரு லட்சம் ஒளியாண்டு. அதே காலத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 420-க்கும் மேலே ஏறிவிட்டது. காஸ்மிக் கதிர்களை 1950-களிலிருந்து தரைநிலையங்கள் தொடர்ந்து அளந்துவருகின்றன. அவை சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியோடு கூடிக் குறைகின்றனவே தவிர, வெப்பவுயர்வை விளக்கும்படி படிப்படியாகச் சரியவில்லை. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்ததற்குக் காரணம் கடல்நீர் அளவுமீறிச் சூடானதே. அந்த ஆண்டுகளை, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளையும் கார்பன் டை ஆக்சைடு அளவையும் குறித்த ஒரே வரைபடத்தாளில் பதியச் செய்து, அதன் அடியில் சூரியன் நகர்ந்த தொலைவையும் எழுதச் சொல்லுங்கள்.